மங்கோலியாவில் புல்லுக்கு ஏன் வேலி இல்லை: நண்பருக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
14-10-2025

அன்பு நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் கைத்தடி இல்லாமலே தோட்டம் வரை நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதும், பேத்திக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதும் எங்கள் வீட்டில் எல்லோரையும் மகிழ்வித்த செய்திகள். உங்கள் தொழிலை வீட்டிலேயே ஒருவர் எடுத்துக்கொண்டதில் உங்களுக்கு இருக்கும் நிறைவு கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு மங்கோலியாவில் வேலை இன்னும் சில காலம் நீடிக்கும் என்று சொல்கிறான்.

கோடையில் நாங்கள் அவனிடம் போய்வந்ததைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள்: மங்கோலியர்கள் புல்லைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, நிலத்தை அளந்து பிரித்து, வேலி போட்டு, தீவனம் பயிரிட்டால் ஒவ்வொரு கடுங்குளிரிலும் இத்தனை ஆடுமாடுகளைப் பறிகொடுக்க வேண்டியதில்லையே என்று. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் பாதி வாழ்நாளைக் கழித்த கால்நடை மருத்துவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. முள்கிளுவை வேலிக்குள் புல்லையும் வெள்வேலையும் காத்து, முறை வைத்து மேய்க்கும் ஊரிலிருந்து பார்த்தால் வேலியற்ற மேய்ச்சல் பொறுப்பின்மையாகத்தான் தோன்றும். ஆனால் அந்த நிலத்தில் நின்று பார்த்தபின் என் எண்ணம் வேறாக இருக்கிறது.

முதலில் நிலம். மங்கோலியாவின் பரப்பு ஏறத்தாழ 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நம் நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பாதி. அதில் வாழ்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர் மட்டுமே. வடக்கே ரஷ்யா, மற்ற மூன்று பக்கமும் சீனா. கடல் எந்தத் திசையிலும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 1,580 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மேட்டு நிலத்தில், மேற்கே அல்தாய் மலைத்தொடர் 4,374 மீட்டர் வரை எழுகிறது. தெற்கே கோபிப் பாலைவனம் சீன எல்லையைத் தாண்டியும் விரிகிறது. நடுவிலும் கிழக்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. புவியியல் பாடம் நடத்திய காலத்தில் வரைபடத்தில் சுட்டிக் காட்டி மட்டுமே பழகிய ஒரு செய்தியை அங்கே நேரில் உணர்ந்தேன்: ஒரே நாட்டிலிருந்து புறப்படும் தண்ணீர் மூன்று வழியாகப் பிரிகிறது. செலெங்கே ஆறு வடக்கே பைக்கால் ஏரியில் கலந்து அதன் வழியே ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் போகிறது; ஓனோன் ஆறு அமூர் ஆற்றோடு சேர்ந்து பசிபிக்கை அடைகிறது; மேற்கிலும் தெற்கிலும் இருக்கும் ஆறுகளோ எந்தக் கடலையும் எட்டாமல் உள்நாட்டு ஏரிகளிலும் மணலிலும் முடிந்துவிடுகின்றன. வடக்கே 262 மீட்டர் ஆழமுள்ள ஹோவ்ஸ்கோல் என்ற நன்னீர் ஏரி இருக்கிறது. அந்த நாட்டு மக்களில் பலர் அதைத் தாய்க்கடல் என்றே போற்றுகிறார்கள்.

கடல் இல்லாததன் விலை என்ன என்பதை மகனின் வேலையிடத்தில் கண்டேன். தோண்டியெடுக்கும் கச்சா எண்ணெயை அவர்கள் சீனாவுக்கு விற்றுவிட்டு, பெட்ரோலையும் டீசலையும் பெரும்பாலும் ரஷ்யாவிடமிருந்து வாங்குகிறார்கள். இரு பெரும் அண்டை நாடுகளில் ஒன்று கதவைச் சற்றுச் சாத்தினாலும் நாடு திணறும். அதனால்தான் 2015இல் இந்தியா அறிவித்த 100 கோடி டாலர் கடனுதவியைக் கொண்டு, கோபிப் பகுதியில் சாய்ன்ஷாந்து நகரத்துக்கு அருகே ஆண்டுக்கு 15 லட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றைக் கட்டிவருகிறார்கள். மகன் அங்கேதான் இருக்கிறான். கடலுக்குப் போகும் சரக்கு பெரும்பாலும் சீனாவின் தியான்ஜின் துறைமுகம் வழியாகவே போக வேண்டும். அதிலும் ஒரு தடை உண்டு: மங்கோலிய இருப்புப்பாதை ரஷ்ய அகலத்தில் போடப்பட்டது, சீனாவினுடையது அதைவிடக் குறுகியது. ஆகவே எல்லையில் பயணிகள் ரயிலின் பெட்டிகளை அப்படியே தூக்கி நிறுத்திச் சக்கரத் தொகுதிகளை மாற்றுகிறார்கள். சரக்கையோ ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி ஏற்ற வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த நாட்டில் மழை மிகக் குறைவு, கோபியின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. அதைவிட முக்கியமானது, அந்த மழை எங்கே பெய்யும் என்பது யாருக்கும் தெரியாது என்பதுதான். இந்த ஆண்டு ஒரு குன்றின் இந்தப் பக்கம் பெய்தால் அடுத்த ஆண்டு அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பெய்கிறது. புல் வளரும் காலமும் மூன்று நான்கு மாதங்களைத் தாண்டுவதில்லை. இப்படிப்பட்ட நிலத்தில் ஒருவருக்கு இவ்வளவு என்று அளந்து வேலி போட்டால், மழை தப்பிய ஆண்டில் அந்த வேலியே மந்தைக்குச் சிறையாகிவிடும். மழையைத் துரத்திப் போக முடிந்தவர்தான் அங்கே மந்தையைக் காப்பாற்றுகிறார். இலையுதிர் காலத்தில் குளிருக்கு முன் கொழுப்பு ஏற்றுவதற்காக மந்தையைத் தொலைதூரம் ஓட்டிப்போகும் வழக்கத்தை ‘ஓத்தோர்’ என்கிறார்கள்; தீவனப்பயிர் நமக்குச் செய்யும் வேலையை அவர்களுக்கு அந்த நடை செய்கிறது. 1992ஆம் ஆண்டு அரசியல் சட்டம் மேய்ச்சல் நிலத்தைத் தனியார் உடைமையாக்க இடம் தரவில்லை என்பதும், கால்நடையை நாட்டின் செல்வம் என்று சொல்லி அரசின் பாதுகாப்பில் வைத்திருக்கிறது என்பதும் இந்த அறிவின் எழுத்து வடிவமே என்று நான் நினைக்கிறேன்.

எல்லைக்கு அப்பால், சீனாவின் உள்மங்கோலியாவில், 1980களிலிருந்து மேய்ச்சல் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து வேலியும் போட்டார்கள். அதனால் புல்வெளி தழைத்துவிடவில்லை. அங்கே புல்வெளி சீரழிவு இன்றும் கடுமையான சிக்கலாகவே இருக்கிறது. ஒரே வகை நிலம், ஒரே மேய்ச்சல் மரபு, இரண்டு விதமான ஏற்பாடு என்பதால் இந்த ஒப்பீட்டை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன்.

அந்த மக்களின் வழக்கங்கள் பலவும் இந்த நிலத்திலிருந்தே பிறந்தவை. நாங்கள் ஒரு மேய்ப்பர் குடும்பத்தைப் பார்க்கப் போனபோது, வண்டியிலிருந்து இறங்குமுன் மகன் உரக்கக் கூவினான். “நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்பதே அங்கே கதவைத் தட்டுவதற்கு ஈடு. அவர்கள் வாழும் ‘கெர்’ மரச்சட்டங்களால் ஆன வட்டமான கூடாரம். மேலே ஆட்டு ரோமத்தைத் தட்டிச் செய்த கம்பளி போர்த்தியிருக்கும். கதவு எப்போதும் தெற்கு நோக்கியே இருக்கும், வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு முதுகு காட்டுவதற்காக. நுழையும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாது. மேற்குப் பக்கம் ஆண்களுக்கும் விருந்தினருக்கும் உரியது; கிழக்குப் பக்கம் பெண்களுக்கும் சமையல் பாத்திரங்களுக்கும். கதவுக்கு நேர் எதிரே வடக்கில் இருப்பது மரியாதைக்குரிய இடம், பெரியவர்களும் வழிபாட்டுப் பொருள்களும் அங்கே. நடுவில் அடுப்பு, அந்தத் தீயில் குப்பையைப் போடக் கூடாது, அதன் பக்கம் கால் நீட்டவும் கூடாது. மேலே நிற்கும் கூரை வளையத்தைத் தாங்கும் இரு தூண்களுக்கு நடுவே புகுந்து போகவும் கூடாது.

உட்கார்ந்ததும், யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்காமலே, உப்புப் போட்ட பால் தேநீர் வந்தது. பிறகு வெயிலில் கல்லைப் போலக் காய்ந்த தயிர்க்கட்டி. தருவதை வலக்கையால், அல்லது இரு கைகளாலும், வாங்கிக்கொள்ள வேண்டும்; மறுப்பது மரியாதையல்ல. வெளியே உயிரைப் பறிக்கும் குளிர், அடுத்த வீடு பல கிலோமீட்டருக்கு அப்பால் என்று இருக்கும் நாட்டில், இன்று விருந்தளிப்பவர் நாளை வேறொருவர் வாசலில் நிற்க நேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். புல்லும் தண்ணீரும் பொது என்றால் அடுப்பும் ஓரளவு பொதுவாகத்தான் இருக்க முடியும். பழைய வழக்கப்படி, வீட்டில் ஆள் இல்லாதபோதும் கெரைப் பூட்டுவதில்லை என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார்.

அவர் முதலில் எங்களிடம் விசாரித்ததும், எங்களை விசாரிக்கச் சொன்னதும் கால்நடைகள் கொழுத்து இருக்கின்றனவா என்பதைத்தான். நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, ஒட்டகம் ஆகிய ஐந்தையும் சேர்த்தே அவர்கள் செல்வம் என்கிறார்கள். யாக் எருது மாட்டுக் கணக்கில் சேரும். கோடையில் குதிரைப் பாலை நாளுக்குப் பலமுறை கறக்கிறார்கள். குட்டியை முதலில் ஊட்டவிட்டுப் பிறகு விலக்கிக் கறப்பது நம் வழக்கம் போலவே இருக்கிறது. அந்தப் பாலைத் தோல்பையில் ஊற்றி ஆயிரக்கணக்கான முறை கடைந்து புளிக்கவைத்தால் ‘ஐராக்’. உங்களை மிகவும் கவரக்கூடியது இன்னொன்று. கன்றை ஏற்க மறுக்கும் தாய் ஒட்டகத்தைக் கன்றின் அருகே கட்டிவைத்து, குதிரைத்தலை பொறித்த இரு நரம்பு வாத்தியத்தை வாசித்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாடி, அது மனம் இளகிக் கன்றைச் சேர்த்துக்கொள்ளும் வரை விடாமல் தொடர்கிறார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் மரபு என்று யுனெஸ்கோ 2015இல் இதைப் பட்டியலில் சேர்த்தது. ஒட்டகம் ஈனும் காலம் வசந்தத்தின் தொடக்கம் என்பதால் நேரில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. பெரியவர் விவரித்ததை மட்டுமே எழுதுகிறேன்.

பெயர் வைக்கும் முறை நமக்கு அயலாகவே இல்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று அன்றாடப் புழக்கத்தில் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுத் தன் பெயரை எழுதுகிறார்கள். அவர்களுடைய குடியரசுத் தலைவரின் பெயரை உ. குரெல்சுக் என்றே செய்தித்தாளில் காணலாம். 1920களில் கம்யூனிஸ்ட் ஆட்சி குலப்பெயர்களை ஒழித்தது. 1990களில் அவற்றைத் திரும்ப வைத்துக்கொள்ளச் சொன்னபோது பலருக்குத் தங்கள் குலமே மறந்துபோயிருந்தது. செங்கிஸ் கானின் குலமான போர்ஜிகினைப் பெருந்தொகையானோர் எடுத்துக்கொண்டார்கள். 1981இல் விண்வெளிக்குச் சென்ற குர்ராக்சா அண்டவெளியைக் குறிக்கும் சொல்லையே குலப்பெயராக்கிக்கொண்டார். அதே ஆட்சி 1930களின் இறுதியில் நூற்றுக்கணக்கான பௌத்த மடங்களை இடித்து ஆயிரக்கணக்கான துறவிகளைக் கொன்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மரபு மீண்டும் தலையெடுக்கத் துணைநின்றவர்களில் ஒருவர் லடாக்கைச் சேர்ந்த குஷோக் பகுலா ரின்போச்சே. 1990 முதல் பத்தாண்டுகள் இந்தியத் தூதராக அங்கே பணியாற்றிய துறவி அவர். தலைநகரில் அவர் நிறுவிய மடத்தையும் பார்த்தோம்.

இவ்வளவு சொன்னதால் எல்லாம் சீராக இருக்கிறது என்று நான் நினைப்பதாகக் கொள்ளாதீர்கள். நீங்கள் குறிப்பிட்ட பேரழிவை அவர்கள் ‘ஜுத்’ என்கிறார்கள். ஆழ்ந்த பனி புல்லை மூடினால் வெள்ளை ஜுத்; பனியே பெய்யாமல் குடிக்க நீரின்றிப் போனால் கருப்பு ஜுத்; உருகிய பனி மறுபடி உறைந்து புல்மேல் ஓடாகப் படிவது இன்னும் கொடியது. 2009-10 குளிரில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளும், 2023-24இல் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவையும் மடிந்தன. ஆனால் இதற்கு வேலி இல்லாதது காரணமல்ல. கூட்டுப்பண்ணைக் காலத்தில் அவசரத்துக்கு வைக்கோல் இருப்பும், இடம்பெயர லாரியும், ஊர்தோறும் கால்நடை மருத்துவரும் இருந்தார்கள். 1990க்குப் பிறகு கால்நடை தனியாருக்குப் போனது, அந்த உதவிகள் கலைந்தன, மூடிய ஆலைகளின் தொழிலாளர்கள் பிழைக்க வழியின்றி மேய்ப்பர்களானார்கள். பணம் தருவது வெள்ளாட்டின் ‘காஷ்மீர்’ எனப்படும் மென்ரோமம் மட்டுமே என்று ஆனதால், 1990இல் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள் 2019இல் ஏறக்குறைய 2.9 கோடியாயின, மொத்தக் கால்நடை 2.6 கோடியிலிருந்து 7 கோடியைத் தாண்டியது. வெள்ளாடு புல்லை எப்படிக் கடிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் மந்தையைப் பெருக்கும்போது பொதுப் புல்லைக் காக்கும் கூட்டுக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. மீட்டெடுக்க வேண்டியது அதைத்தான்.

மந்தையை இழந்தவர்கள் தலைநகர் உலான்பாத்தருக்கு வருகிறார்கள். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இன்று அந்த ஒரு நகரில். நகரின் விளிம்பில், குழாய் நீரும் கழிவுநீர் வசதியும் இல்லாத குன்றுச் சரிவுகளில், அதே கெரை நிறுத்தி நிலக்கரி எரித்துக் குளிர்காய்கிறார்கள்; 2019இல் பதப்படுத்தாத நிலக்கரியைத் தடைசெய்த பிறகும் குளிர்காலப் புகை மூச்சை அடைக்கிறது என்று மகன் சொல்கிறான். தலைநகரில் ஒவ்வொரு குடிமகனும் 700 சதுர மீட்டர் நிலத்தை இலவசமாகப் பெறச் சட்டம் வழிசெய்கிறது. அதைப் பெற்றவர் முதலில் செய்வது, ஆள் உயரத்துக்குப் பலகை வேலி அடிப்பது. அந்தச் சரிவுகளில் வேலிகளுக்கு நடுவே நடந்தபோது அடுத்த வீட்டாரின் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அதனால்தான் உங்கள் யோசனையைப் படித்ததும் உடனே பதில் எழுதத் தோன்றியது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ் அந்த மேய்ப்பர்களிடையே மனிதர்களுக்கும் பரவலாகத் தொற்றுகிறது. வெறும் கையால் குட்டி எடுப்பது அங்கே அன்றாட வழக்கம். மந்தை ஒரே இடத்தில் நிற்காத நாட்டில் தடுப்பூசியை எந்தப் பருவத்தில், எங்கே வைத்துப் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்? நம் ஊரில் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்ட அனுபவத்தையும், கிடை போடும் கீதாரிகளின் ஆடுகளுக்கு நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதையும் விரிவாக எழுதுங்கள். மகனுக்கு அனுப்பிவைத்தால் அந்தப் பெரியவரிடம் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். பேத்திக்கு என் ஆசிகள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்
வேலாயுதம்