டயரின் நாலு இலக்கத்தைப் பில்லில் எழுதித் தாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் டயர் விற்கும் முதலாளிமாருக்கும், அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் இறக்குமதியாளர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் களுவாஞ்சிக்குடியில் ஹையர், அதாவது வாடகைக் கார், ஓடுபவன். 19 வருடமாக இதுதான் என் தொழில். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். உங்கள் கடை வாசலில் காற்றடித்து, ஒட்டுப் போட்டு, நீங்கள் வாங்கித் தந்த தேத்தண்ணியையும் குடித்துப் போனவன். அதனால்தான் வேறெங்கும் போகாமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. ஒரு கடையோடு நிற்கிற விஷயமாக இருந்திருந்தால் அந்தக் கடைக்கு மட்டும் போய்ப் பேசியிருப்பேன்.

கேட்பது இதுதான். டயர் விற்கும்போது அதன் பக்கத்தில் குத்தியிருக்கும் தயாரிப்புத் திகதியை, அந்த நாலு இலக்கத்தை, வாங்குபவருக்குக் காட்டுங்கள். பில்லிலும் எழுதுங்கள். ஸ்போர்ட்ஸ் டயர் என்றால், அது எங்கள் ஓட்டத்துக்குச் சரிவருமா என்பதை வாய் திறந்து சொல்லுங்கள்.

என் கார் ப்ரியஸ். ஜப்பானில் இருந்து வந்தபோது அதில் இருந்தது 195/65R15, அதாவது 15 அங்குல ரிம்முக்கான டயர். 2024 ஆவணியில் டயர் தேய்ந்து மாற்ற வந்தேன். "அண்ணன், 17க்கு மாத்துங்க. ரிம்மும் இருக்கு, டயரும் இருக்கு. புதுசு, ஸ்போர்ட்ஸ் டயர், ரோட்டப் பிடிச்சா விடாது" என்று கடைத் தம்பி சொன்னார். 215/45R17. பார்க்கவும் வடிவாக இருந்தது. எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. மனைவி எடுத்த சீட்டுக் காசை வாங்கிக்கொண்டு வந்து நாலையும் மாற்றினேன்.

முதல் இரண்டு மாதம் குறை சொல்ல முடியாது. ஸ்டியரிங் தொட்டவுடன் கார் திரும்பியது, வளைவில் உடம்பு சாயவில்லை. பாசிக்குடாவுக்கு ஹையர் போன நாளில் மாடு குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன், கார் நின்றுவிட்டது. அந்த டயர்களை அன்றைக்கு நான் மெச்சினேன் என்பதும் உண்மை. பிறகு மாரி மழை வந்தது. கல்லாற்றுப் பாலத்தடியில் பிரேக்கை லேசாகத் தொட்டதற்கே முன்சில்லு வழுக்கியது. ஈர ரோட்டில் வழுக்கும்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2025 தை மாதம். பெரியகல்லாற்றில் இருந்து ஓர் அக்காவைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரக வருத்தம், காலை கிளினிக். அவவும் புருசனும் மகளும். அதிகாலை இரண்டரைக்குப் புறப்பட்டோம். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு தாண்டி, புல்லுமலைப் பக்கம் போகும்போது நல்ல மழை. எதிரே ஒரு லொறி முழு வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்தது. கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கினேன். மதகு ஓரத்தில் தண்ணீர் மூடிய கிடங்கு ஒன்று. நாற்பதில்கூட நான் போகவில்லை. ஒரு அடி, ஒரு சத்தம், அவ்வளவுதான். இடது முன் டயரின் பக்கம் கையளவுக்கு வெட்டிக்கொண்டு கிடந்தது.

என் கார் மாதிரி ஹைபிரிட் கார்கள் பலவற்றில் ஸ்பெயார் சில்லு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் இருப்பது பசைப் போத்தலும் ஒரு சின்னக் காற்றுப் பம்பும். ஆணி குத்திய ஓட்டைக்கு அது போதும். பக்கம் வெட்டுப்பட்டால் அந்தப் பசை ஒன்றுக்கும் உதவாது, ஒட்டும் போட முடியாது. புல்லுமலை ரோட்டில் இரவில் யானை நிற்கும் என்று ஏறாவூர்ச் சாரதிமாரைக் கேட்டால் சொல்வார்கள். போனில் சிக்னல் வந்து வந்து போனது. அந்த அக்கா காலைத் தொங்கப்போட முடியாமல் பின் சீற்றில் சரிந்து கிடந்தா. கால் இரண்டும் வீங்கியிருந்தன. மகள், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "யானை வந்தா என்ன மாமா செய்ற?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஹெட்லைட்டைப் போட்டு வைப்பதா, நிற்பாட்டி வைப்பதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மணித்தியாலம் அப்படியே இருந்தோம். கடைசியில் மரக்கறி லொறிக்காரர் ஒருவர் நிறுத்தினார். அந்த அக்காவை மூன்று பேர் சேர்ந்து முன் சீற்றில் தூக்கி ஏற்றினோம். மஹாஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து அவர்கள் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய கிளினிக் முடிந்துவிட்டது. அடுத்த திகதி ஒன்றரை மாதம் கழித்து. ஹையர் காசை நான் வாங்கவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மாதத்தை யார் அவவுக்குத் திருப்பிக் கொடுப்பது?

விடிந்த பிறகு, என்ன செய்யலாம் என்று கேட்க வெட்டுப்பட்ட சில்லைக் கழற்றிக்கொண்டு மஹாஓயாவில் ஒரு டயர்க் கடைக்குப் போனேன். அந்த அளவு அவரிடம் இல்லை. கடைக்காரர் வயதான சிங்கள ஐயா. டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு ஆணியால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார். "மல்லி (தம்பி), இது பழசு." 1416 என்று இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் 14ஆவது கிழமையில் செய்த டயர். புதுசு என்று எனக்கு விற்றபோதே அதற்கு எட்டு வயது தாண்டியிருந்தது. விரலால் மடித்து விரித்துக் காட்டினார். ரோட்டில் படும் பக்கத்தில், பூவுக்கு நடுவே தலைமயிர் மாதிரி வெடிப்புகள். 19 வருடம் சாரதியாக இருந்து எனக்கே அந்த நாலு இலக்கத்தைப் படிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தம்பி வீட்டில் ஆட்டுக் கொட்டிலுக்குள் கிடந்த என் பழைய 15 அங்குலச் சில்லு ஒன்றை ஓட்டோவில் போட்டுக் கொண்டுவந்தான். அதைப் பூட்டி மெல்ல மெல்ல வீடு வந்தேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்க கிடங்குக்குள்ள விட்டா நாங்க என்ன செய்ற அண்ணன்?" என்ற பதில் வந்தது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. 45 தொடர் டயர் என்றால் பக்க உயரம் அகலத்தில் 45 வீதம். என் 215 அகல டயரில் அது பத்துச் சென்ரிமீற்றர்கூட இல்லை, 97 மில்லிமீற்றர். என் பழைய டயரில் அது 127. அந்த மூன்று சென்ரிமீற்றர் ரப்பரும் காற்றும்தான் கிடங்கில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது. ஆகவே புது டயராக இருந்திருந்தாலும் அன்றைக்கு வெட்டுப்பட்டிருக்கலாம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பழைய டயர் என்றும் எனக்குச் சொல்லவில்லை, பக்கம் மெல்லிய டயர் இந்த ரோட்டுக்குப் பயம் என்றும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தாலே நான் 15லேயே நின்றிருப்பேன். பில்லைக் காட்டினேன். அதில் "டயர் 4" என்று மட்டும் இருந்தது. எந்தக் கம்பனி, என்ன அளவு, எந்த வருடம், ஒன்றும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைத்து முறையிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். "டயர் 4" என்ற பில்லை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது?

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் எல்லோருடைய டயரையும் குனிந்து பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. அக்கரைப்பற்றில் ஹையர் ஓடும் நண்பர் ஸ்போர்ட்ஸ் டயர் போட்டு 22,000 கிலோமீற்றரில், தேய்ந்து முடிந்ததைக் காட்டும் அடையாளக் கட்டை தெரிய வந்துவிட்டது. அவருடையது பழசும் இல்லை. அந்த டயரின் ரப்பர் மென்மையானது, பிடிப்புக்காக அப்படிச் செய்கிறார்கள், ஆகவே கெதியாகத் தேயும். பல டயர்களின் பக்கத்தில் ட்ரெட்வெயார் என்று ஓர் எண் இருக்கும், எண் குறைந்தால் கெதியாகத் தேயும் என்று அர்த்தம். சாதாரணக் கார் டயரில் 400, 500 என்று இருப்பது இந்த வகையில் 300க்கும் 200க்கும் இறங்கும். ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீற்றர் ஓடுகிறவனுக்கு இதைச் சொல்லாமல் விற்பது சரியா? காரைதீவில் ஒரு ஆசிரியர் இருக்கிறார், பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுபவர். அவருக்கு இந்த டயர் பிடித்திருக்கிறது. இரைச்சல்தான் கூட, மற்றபடி மழையிலும் நன்றாக நிற்கிறது என்கிறார். பார்த்தேன், போன வருடம் செய்த டயர். நல்ல டயர், சரியான ஆளிடம் போயிருக்கிறது. இந்த டயர்களே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் பற்றி ஒரு சொல். என் பழைய டயரில் 91 என்று இருந்தது, ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். நீங்கள் போட்டுத் தந்ததில் 87, அது 545 கிலோ. இதே 17 அங்குல அளவில் கூடப் பாரம் தாங்கும் எக்ஸ்எல் என்று அடையாளம் போட்ட 91உம் வருகிறது, அதற்குக் காற்றுக் கொஞ்சம் கூட வேண்டும். ஐந்து பேரையும் இரண்டு மூட்டை அரிசியையும் ஏற்றுகிற ஹையர்க்காரனுக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் வேகத்தைக் குறிக்கும் W எழுத்தைக் காட்டி, மணிக்கு 270 கிலோமீற்றரில் போனாலும் தாங்கும் என்று சொல்ல மறக்கவில்லை. ஊருக்கு வெளியே எங்களுக்குச் சட்டம் தருவது மணிக்கு 70 கிலோமீற்றர். கிழக்கில் அதிவேக நெடுஞ்சாலையும் இல்லை.

ரோட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டுகிறார்கள், மண்ணைப் போட்டு மூடுகிறார்கள், முதல் மழைக்கு அது இறங்குகிறது. மதகு ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வண்டி ஓடுகிறவர்கள் மாதம் ஒரு சில்லாவது நெளிந்து வந்து நிற்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் ரூபாய் விழுந்தது, அதிலிருந்து ஒரு டயர் வாங்குவது நகை வாங்குவது மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காசைக் கொடுத்து வாங்கும் பொருளுக்கு எங்கள் மொழியில் ஒரு துண்டுத் தாள் வருவதில்லை. வேறு இடங்களில் தங்கிப்போன சரக்கு கடைசியில் எங்கள் பக்கம் வந்து இறங்குகிறது என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். பொய் என்றால் திகதியை எழுதித் தருவதில் உங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். கடனுக்குச் சரக்கு எடுக்கிறீர்கள், போகாத அளவு வருடக்கணக்கில் கிடக்கிறது, அதை நட்டத்துக்கு விட முடியாது. ஒன்றிரண்டு வருடம் நிழலில் ஒழுங்காக வைத்த டயர் என்றால் நானும் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் டயரைக் கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைக்காதீர்கள். சூடும் வெயிலும் ரப்பரை இறுக வைக்கும். பெரிய டயர்க் கம்பனிகளே 5 வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை பரிசோதிக்கவும், 10 வருடத்துக்கு மேல் பாவிக்க வேண்டாம் என்றும் சொல்கின்றன. சில கார்க் கம்பனிகள் 6 வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. பழைய டயரை விற்பதென்றால் பழசு என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். வாங்குகிறவன் தெரிந்து வாங்கட்டும்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். பில்லில் நாலு இலக்கத்தை எழுதுங்கள். அளவையும் பாரம் தாங்கும் எண்ணையும் எழுதுங்கள். ஸ்போர்ட்ஸ் டயர் கேட்டு வருகிற பிள்ளையிடம், எந்த ரோட்டில் ஓடுகிறாய், எத்தனை பேரை ஏற்றுகிறாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். இறக்குமதியாளர்கள் தமிழில் ஒரு சின்ன அட்டை அடித்து ஒவ்வொரு கடைச் சுவரிலும் ஒட்டித் தந்தால் பெரிய உதவி. பில் எழுதுகிற தம்பிமாருக்கு இதற்கு அரை நிமிடம் போகும்.

ஐப்பசியில் மழை தொடங்க முன்னர் இதைச் செய்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அந்த அக்காவுக்கு இப்போதும் கண்டிக் கிளினிக் இருக்கிறது, நான்தான் கொண்டுபோகிறேன், 15 அங்குலச் சில்லில். வெட்டுப்பட்ட டயர் என் வீட்டுப் பின்வளவில் இருக்கிறது. உங்களில் யாராவது வந்து பார்ப்பதென்றால் வாருங்கள், தேத்தண்ணி நான் தருகிறேன். 1416 இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடி ஹையர் சாரதி ஒருவன்