ஜாஸ் கேட்கும் வட்டம்: 2024–25 செயலாளர் அறிக்கை

தலைவருக்கும் பொருளாளருக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், கட்டப்போகிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். பொதுக்குழுவில் இதை வாசிக்க எழுந்து நின்றபோது எதிரே 7 பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கூட்டம் நடக்கிற வீட்டின் சொந்தக்காரர், அவருக்குப் போக வேறு இடம் கிடையாது. நம் மொத்த உறுப்பினர்கள் 31. மீதிப் பேருக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் அங்கே வாசித்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வருஷம் முழுக்கக் கூட்டத்துக்கு வராதவர்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்து படிக்கலாம், தப்பில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை 5 மணி, கோவை சாய்பாபா காலனியில் நம் மூத்த உறுப்பினர் வீட்டு மாடி அறை. முறை வைத்து ஒருவர் ஒரு ஜாஸ் இசைத்தட்டு கொண்டுவர வேண்டும். அது ஏன் பிடிக்கும் என்று பத்து நிமிஷம் பேசலாம். அப்புறம் ஒரு பக்கம் முழுதாக ஓடி முடிகிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவர்கள் அன்றைய டீ, பப்ஸ் செலவை ஏற்க வேண்டும் என்பது பழைய தீர்மானம். தலைவரே இரண்டு முறை ஏற்றிருக்கிறார்.

ஏப்ரலில் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' கேட்டோம். 1963ல் இந்தியா, இலங்கை, ஈரான் என்று சுற்றிவிட்டுப் போனவர் 1966 டிசம்பரில் பதிவு செய்தது. அவர் குழுவின் ஜானி ஹாட்ஜஸ் சாக்ஸபோனில் வாசிக்கும் 'இஸ்ஃபஹான்' மட்டும் இரண்டு தடவை ஓடியது. மே மாதம் வெயில், கூட்டம் இல்லை. ஜூனில் பாடகி பில்லி ஹாலிடே, 8 பேர். ஜூலையில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், 1928ன் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. தொடக்கத்தில் ட்ரம்பெட் துணையில்லாமல் தனியாக எழும்புகிற அந்தச் சில விநாடிகளுக்காகவே மழையில் நனைந்துகொண்டு வந்தேன் என்றார் ஒருவர். அவர் சந்தாவும் கட்டியவர்.

ஆகஸ்ட் கூட்டம் ஒரு வரியில் முடிகிறதல்ல. ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', யாரிடமும் இருக்கிற தட்டு, இதில் பேச என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொண்டுதான் எல்லோரும் வந்தோம். கொண்டுவந்தவரிடம் இருந்தது பழைய எல்.பி., அதாவது வினைல் தட்டு. முதல் பாட்டு 'ஸோ வாட்' ஓட ஆரம்பித்ததும் வயலின் சொல்லித்தரும் நம் உறுப்பினர் முகத்தைச் சுளித்தார். பக்கம் முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "சுருதி ஏறியிருக்குதுங்க, என் சி.டி.யில இப்படி இல்லை" என்றார். எல்.பி.க்காரர் தட்டைச் சுற்றவைக்கும் டர்ன்டேபிளின் மோட்டாரைக் குறை சொன்னார். டர்ன்டேபிள் என்னுடையது என்பதால் நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தட்டைத் திருப்பி 'ஆல் ப்ளூஸ்' போட்டோம், அது சி.டி.யோடு அச்சாகப் பொருந்தியது! மோட்டாரில் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் ஏறியிருக்க வேண்டுமே? விஷயம் இதுதான்: முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்றைக்குப் பதிவு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் திருப்பி ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22ல் பதிவானது, அதில் பிழை இல்லை. 1990களில்தான் இதைச் சரிசெய்து வெளியிட்டார்கள். அதுவரை உலகமே ஏறிய சுருதியில்தான் அந்த முதல் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. சாய்பாபா காலனி மாடியில் ஒரு வயலின் வாத்தியார் காதாலேயே கண்டுபிடித்தார் என்பதை இந்த அறிக்கையில் பெருமையோடு பதிவு செய்கிறேன். என் மோட்டார் மீது பழியில்லை என்பதையும்.

செப்டம்பரில் டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்'. நம் மிருதங்க மாணவர் இது ஐந்து எண்ணிக்கையில் வரும் கண்ட சாபு தாளம்தான் என்று தொடையில் தட்டிக் காட்டினார். இல்லை, கண்ட சாபு 2, 3 என்று விழும், இதில் பியானோ 3, 2 என்று போகிறது என்று மற்றவர் மறித்தார். முக்கால் மணி நேரம். தட்டு ஓடியது ஐந்தரை நிமிஷம்தான். அக்டோபரில் தீபாவளித் துணி எடுக்கப் போனவர்கள் போக 4 பேர். நவம்பரில் இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ், டிரம்ஸ் கலைஞர் ராய் ஹெய்ன்ஸ் இருவரும் ஒரே மாதத்தில் போய்விட்டார்கள், பிறகு இருவருக்கும் மௌனம் கடைப்பிடித்தோம்.

டிசம்பர் 15ல் ஜாகிர் உசேன் மறைந்தார். அடுத்த ஞாயிறே, 22ம் தேதி, தனிக் கூட்டம் போட்டு அவர் வாசித்த 'சக்தி' குழுவின் முதல் தட்டைக் கேட்டோம். 1975ல் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் மேடையில் பதிவானது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். ஷங்கர் வயலின், ஜாகிர் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராகவன் மிருதங்கம். 'ஜாய்' ஓடி முடிந்த பிறகு யாரும் பேசவில்லை, விதிக்காக அல்ல. அன்று 19 பேர். இது ஜாஸ் ஆகுமா என்று தலைவர் வழக்கமான சந்தேகத்தைக் கிளப்பப் பார்த்தார், அன்றைக்கு அது எடுபடவில்லை.

அந்த 19 பேர் இருந்த அறையில்தான் நான் செட்டிபாளையம் பேச்சை எடுத்தேன். டிசம்பர் 22 சுவாமி சச்சிதானந்தா பிறந்த நாள், 1914, நம் கோவைக்குத் தெற்கே போத்தனூர் தாண்டி இருக்கிற அதே செட்டிபாளையத்தில். பூர்வாசிரமப் பெயர் ராமசாமி. சிவானந்தரின் சீடராகி, இலங்கையில் இருந்து, 1966ல் நியூயார்க் போய், 1969ல் வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் தொடக்க உரை சொன்னவர். சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1967ல் இறந்த பிறகு நிலைகுலைந்திருந்த அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் போய்ச் சேர்ந்தது இவரிடம். 1970 நவம்பரில் தன் வீட்டு ஸ்டுடியோவில் ஆலிஸ் பதிவு செய்த தட்டின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. ஜாஸ் கேட்கிறவர்கள் உலகம் முழுக்கத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற தட்டு. அந்தப் பெயருக்கு உரியவர் ஊர் நம் மாடியிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த ஊரிலேயே வைத்து அதைக் கேட்டால் என்ன என்றேன். 19 கையும் உயர்ந்தது. மினிட்ஸ் நோட்டில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

நாள் குறித்தது ஜனவரி 12. ஆலிஸ் மறைந்த தேதி அது, 2007ல், இந்த முறை சரியாக நம் இரண்டாவது ஞாயிறில் விழுந்தது. 14 பேர் உட்காரும் வேன் பேசினேன். வந்தது 5 பேர், டிரைவரைச் சேர்த்து 6. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்ய வேண்டும் என்று மூன்று பேர், ஊருக்குப் போகிறோம் என்று நாலு பேர். ஒருவர் மட்டும் நேர்மையாக "தூங்கிட்டேன்" என்றார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஒரு உறுப்பினரின் சித்தப்பா தோப்பில் மோட்டார் ரூமில் டர்ன்டேபிளை வைத்து, ஸ்பீக்கரை வாசலில் தென்னைக்கு அடியில் வைத்தோம். சித்தப்பாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு ஆரம்பித்தது. சிசில் மெக்பீயின் டபுள் பாஸ் அதே சில ஸ்வரங்களைச் சுற்றிச் சுற்றி வர, பின்னால் தம்புரா, அதன்மேல் ஆலிஸின் யாழ் மாதிரியான ஹார்ப் வந்து கொட்டுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஃபேரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன். எத்தனையோ முறை வீட்டில் கேட்டதுதான். ஆனால் வெட்டவெளியில், காற்று மட்டைகளை அசைக்கிற சத்தத்தோடு கேட்டபோது அந்தத் தம்புரா இடத்தோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர், "தம்புரா போடறாங்களே, அது யாருங்க?" என்றார். விதிப்படி பேசக் கூடாது, ஆனாலும் தட்டின் உறையைப் பார்த்து, "துளசின்னு மட்டும் போட்டிருக்குதுங்க" என்றேன். "நம்ம சாமி பேர்லயா இது?" என்றார். ஆமாம் என்றேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது. தட்டு மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டே இறங்கியதில் சாக்ஸபோன் எருமை கத்துகிற மாதிரி ஆகி நின்றது. "போச்சுங்களா?" என்றார் பெரியவர். முக்கால் மணி நேரம் இளநீர் வெட்டிக் குடித்தோம். கரண்ட் வந்ததும், "மொதல்ல இருந்து போடுங்க" என்றார். போட்டோம். முதல் பக்கம் முடிந்தபோது டிரைவர் ஹாரன் அடித்தார், அவருக்கும் பொங்கல் உண்டல்லவா. இந்த ஆண்டில் நம் வட்டம் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பது என் கருத்து. வேன் வீண் செலவு என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார், அவர் வரவில்லை.

பிப்ரவரியில் டர்ன்டேபிள் ஊசி உடைந்தது. தோப்புக்குக் கொண்டுபோனதால்தான் உடைந்தது என்று ஒரு பேச்சு ஓடுகிறது என்பதால் எழுத வேண்டியிருக்கிறது: தோப்பிலிருந்து வந்த பிறகு அதே ஊசியில் நான் வீட்டில் நாலு வாரம் தட்டு கேட்டிருக்கிறேன். பிப்ரவரிக் கூட்டத்தில் ஒருவர் தூசி என்று சொல்லிக் கர்ச்சீப்பால் துடைத்தார். யார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். புது ஊசி என் கைக்காசு, பில் ஃபைலில் இருக்கிறது. வந்து சேரத் தாமதமானதால் மார்ச்சில் சி.டி.யில் சமாளித்தோம்.

கணக்கு. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். 31 பேரில் கட்டியது 13 பேர், அதில் இருவர் பாதி. வரவு 14,000 சொச்சம். டீ, பப்ஸ், கரண்ட் பில்லுக்கு வீட்டுக்காரரிடம் கொடுத்தது, வேன் வாடகையில் பாதி (மீதிப் பாதி நான்), சில்லறைச் செலவுகள் எல்லாம் போகக் கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது. விவரத்தைப் பொருளாளர் கேட்டால் சொல்வார், இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். கூட்டத்துக்கு வராமல், சந்தாவும் கட்டாமல், ராத்திரி 12 மணிக்கு வாட்ஸ்ஆப்பில் யூடியூப் இணைப்பு அனுப்பி "கேளுங்க, அருமை" என்று போடுகிற அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'டேக் ஃபைவ்' எழுதிய பால் டெஸ்மண்ட் அதிலிருந்து வரும் ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உயில் எழுதிவிட்டுப் போனார். நமக்கு யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை.

மாடி அறையைத் தரும் மூத்த உறுப்பினருக்கு நன்றி. ஒவ்வொரு மாதமும் காபி தந்துவிட்டு "எப்ப முடியும்?" என்று மட்டும் கேட்கும் அவர் துணைவியாருக்கு அதைவிட அதிக நன்றி. பேக்கரித் தம்பிக்கும், தலைவர், பொருளாளர், தணிக்கை பார்ப்பதாக ஒப்புக்கொண்டவர் ஆகியோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஐந்தாவது வருஷம். யாராவது எடுத்துக்கொண்டால் நாளைக்கே மினிட்ஸ் நோட்டைக் கொடுத்துவிடுவேன், டர்ன்டேபிள் மட்டும் என்னுடையது. பொதுக்குழுவில் கேட்டபோது 7 பேரும் ஃபேனைப் பார்த்தார்கள்.

இன்னொன்று. அந்தத் தட்டின் இரண்டாம் பக்கம் தோப்பில் ஓடவே இல்லை. அதில் கடைசியாக வரும் 'ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ்' 1970 ஜூலை 4 அன்று நியூயார்க்கில் 'வில்லேஜ் கேட்' என்ற கிளப் மேடையில் பதிவானது, சார்லி ஹேடன் டபுள் பாஸ், விஷ்ணு வுட் 'ஊத்' என்ற அரபு நரம்பு வாத்தியம். போன வாரம் பெரியவர் போன் பண்ணினார். "அந்தப் பக்கம் எப்பங்க போடறீங்க?" என்றார். ஆடி முடியட்டும் என்றிருக்கிறேன். வேனில் இந்த முறையும் 14 இடம். சந்தா கட்டியவர்களுக்கு முன்வரிசை.