பூசுதலுக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இறையருளைத் தரும் சடங்குகளான கிறிஸ்தவ அருட்சாதனங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஞானஸ்நானம், நற்கருணை பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நோயாளிக்காகக் குருவானவர் ஜெபித்து எண்ணெய் பூசும் 'நோயில் பூசுதல்' சடங்குக்கு மட்டும் ஒரே வரி: சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது என்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கப் பெண் நான். அந்த நினைப்பு நோயாளியை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

"ஃபாதரைப் பார்த்தாலே அம்மா பயந்துடுவாங்க சிஸ்டர்" என்பார்கள் நோயாளியின் பிள்ளைகள். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள். கடைசியில் வென்டிலேட்டர் வைத்து, மயக்க மருந்தும் ஏறிய பிறகு அவசரமாக ஆள் ஓடும். அப்போது பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, அந்த அம்மாவால் பேச முடியாது; நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்கி விழுங்க முடியாது. சில நேரம் உயிர் போன பிறகுதான் குருவானவர் வந்து சேர்வார். இறந்தது உறுதி என்றால் பூசுதல் கிடையாது, ஜெபம் மட்டும்தான்.

திருச்சபையே நெடுங்காலம் இதை மரணப் படுக்கைக்கு என்றுதான் வைத்திருந்தது, மறைப்பானேன்? அவஸ்தை பூசுதல் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என ஒவ்வொன்றிலும் எண்ணெய் பூசி, அதனால் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பார்கள். இது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் சொன்னது. 1972-ல் போப்பாண்டவர் ஆறாம் சின்னப்பர் சடங்கையே மாற்றியமைத்தார். இப்போது நெற்றியிலும் கைகளிலும்தான் பூசுகிறார்கள். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் பெறலாம். குணமாகி மறுபடி கடுமையாகப் படுத்தால் மறுபடியும் பெறலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கென்று திருச்சபை வைத்திருப்பது, கடைசிப் பயணத்துக்கு வழியுணவாகத் தரும் நற்கருணையை. கிழக்கத்திய கிறிஸ்தவர்களான ஆர்த்தடாக்ஸ் சபைகள் பலவற்றில், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரப் புதன்கிழமை கோவிலுக்கு வந்த எல்லோருக்குமே பூசுவார்கள்!

எண்ணெய் பட்டால் கிட்னி வேலை செய்ய ஆரம்பித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மருந்து மருந்துதான். ஆனால் ஐ.சி.யூ.வில் நோயாளியைத் தொடுகிற ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை இருக்கும்: ஊசி போட, குழாய் மாற்ற, புரட்டிப் படுக்க வைக்க. கையுறை போட்டுக்கொண்டு நானும் அப்படித்தான் தொட்டேன். 'நீ தனியாக இல்லை' என்று சொல்வதற்காகவே ஒரு கை வந்து தலைமேல் அமர்வது பூசுதலின்போதுதான். கண்ணுக்குத் தெரியாத அருளைத் தொட்டு உணரும்படி தருவதுதானே அருட்சாதனம். ஆபரேஷனுக்கு முன் என் கையை இறுக்கிப் பிடித்து விடாமலிருந்த ஒரு பெரியவர், பூசுதல் பெற்றதும் "இனி தள்ளிக்கிட்டுப் போங்கம்மா" என்றார்.

பைபிளில் யாக்கோபு 5:14-ஐ எடுத்துப் பாருங்கள். நோயுற்றவரே சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்றிருக்கிறது. நம் குடும்பங்களிலோ நோயாளியைத் தவிர மற்ற எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு யோசனை: அட்மிஷன் படிவத்தில் மதம் என்ன என்று கேட்கும் இடத்திலேயே, குருவானவரைப் பார்க்க விருப்பமா என்றும் ஒரு கேள்வி சேர்க்கலாம். வாய் பேச முடிகிற அன்றே நோயாளியிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்