1982-க்கு முன்னால் யாரும் யாரையும் சாய்க்கவே இல்லையா? என்எஃப்எல் பதிவேட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு,

வணக்கம். டிஃபன்ஸ் ஆட்டக்காரர்களில், அதாவது எதிரணியைத் தடுத்து ஆடுகிறவர்களில், எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார் என்ற சண்டை எங்கே ஆரம்பித்தாலும் சரி, கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் உங்கள் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். சாக் கணக்கில் புரூஸ் ஸ்மித் 200, ரெஜி ஒயிட் 198, அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்கிறார். அந்தக் கணக்கு 1982-இல்தான் தொடங்குகிறது என்பதை அவரும் சொல்வதில்லை, நீங்களும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

(இந்த ஆட்டம் பழக்கமில்லாமல் இதைப் படிப்பவர்களுக்கு: பந்தை வீச ஆள் தேடிக்கொண்டிருக்கும் குவார்ட்டர்பேக்கை, அவர் வீசுவதற்கு முன்பே பிடித்துத் தரையில் சாய்த்தால் அது ஒரு சாக். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.)

டீக்கன் ஜோன்ஸ் எத்தனை சாக் எடுத்தார் என்று உங்கள் ஏட்டைக் கேட்டால் பதிலே கிடையாது. 1961-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் 14-ஆவது சுற்றில், அதாவது கிட்டத்தட்ட யாரும் சீண்டாத இடத்தில், எடுத்த ஆள் அவர். பந்து நகர்ந்ததும் தன்னைத் தடுக்க எதிரே நிற்கும் டேக்கிளின் ஹெல்மெட் மேல் காதுப் பக்கமாக உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விடுவார். வாங்கியவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜோன்ஸ் அவரைத் தாண்டிப் போயிருப்பார். 1977-இல் அந்த அறைக்கு நீங்களே தடை போட்டீர்கள், சரி, போட வேண்டியதுதான். ஆனால் 2013-இல் அவர் இறந்த பிறகு, ஒரு சீசனில் அதிக சாக் எடுப்பவருக்கான விருதுக்கு அவர் பெயரையே வைத்தீர்களே, அது எந்தக் கணக்கில்? விருதுக்குப் பெயர் தந்தவருக்கு உங்கள் ஏட்டில் அரை சாக்கூட இல்லை!

தகவல் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அணிகளின் பழைய ஆட்டக் குறிப்புத் தாள்களையும் படச்சுருள்களையும் வருடக்கணக்காகத் தோண்டி ஆராய்ச்சியாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். 1960 வரை பின்னால் போகும் அந்தக் கணக்கை 2021-இல் புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம் வெளியிட்டது. ஜோன்ஸுக்கு 173.5, ஸ்மித்துக்கும் ஒயிட்டுக்கும் அடுத்த இடம். அதுவும் சீசனுக்கு 14 ஆட்டம் மட்டுமே இருந்த காலத்தில். 1971-இல் டிஃபன்ஸிலிருந்து முதன்முதலாக எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர், ஆன ஆலன் பேஜுக்கு 148.5.

ஒரு சீசன் சாதனை என்று பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 1978-இல் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் புதிதாக வந்த பபா பேக்கர் 23 எடுத்தார், அது செல்லாது. 2001 சீசனின் கடைசி ஆட்டத்தில் ஒரு சாக் எடுத்து மைக்கேல் ஸ்ட்ராஹன் எட்டிய 22.5-தான் 2025 சீசன் வரை சாதனையாக நின்றது. அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். ஆட்டம் முடியப் போகிறது, எதிரணி குவார்ட்டர்பேக் பிரெட் ஃபேவ்ர் பந்தோடு வலப்பக்கம் வருகிறார், ஸ்ட்ராஹனைத் தடுக்க ஒருவரும் இல்லை, ஃபேவ்ர் அவராகவே தரையில் சரிந்து படுத்துக்கொள்ள இவர் போய் மேலே விழுகிறார், அவ்வளவுதான், சாதனை. ஸ்ட்ராஹன் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஒரு சாக் பேக்கருடைய 23-ஐவிட எப்படி உசத்தி என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

விதிகள் அப்போது வேறு, ஒப்பிட முடியாது என்பீர்கள். வேறுதான், ஜோன்ஸ் அறையலாம் என்றால் அவரைத் தடுப்பவர்கள் இன்றுபோல் கையை நீட்டித் தள்ள முடியாது. அப்புறம், விதி மாறியதுதான் சிக்கல் என்றால், எதிரணி வீசிய பந்தைப் பறித்துப் பிடிக்கும் இன்டர்செப்ஷனுக்கு மட்டும் ஏன் அது பொருந்தவில்லை? 1952-இல் வெறும் 12 ஆட்டத்தில் நைட் டிரெய்ன் லேன் பிடித்த 14 இன்றும் உங்கள் ஏட்டில் சாதனையாக நிற்கிறது, பால் க்ராஸ் ஆட்டக்காலம் முழுவதும் பிடித்த 81-உம் நிற்கிறது. இருவரும் 1982-க்கு முன்பே ஓய்வு பெற்றவர்கள்தான்.

எல்லாவற்றையும் எண்ணால் அளந்துவிட முடியாது என்பதும் உண்மைதான். டிக் பட்கஸ் ஓடிவருபவரை நிறுத்திய விதத்துக்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை. டியான் சாண்டர்ஸ் நின்ற பக்கம் வீசவே பயந்து வீசாமல் விட்ட பந்துகளை யார் எண்ணுவது? எண்ணக்கூடியதையாவது எண்ணுங்கள் என்கிறேன்.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர். அவரைச் சமாளிப்பதற்காகவே வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் தடுக்கவும் பந்து பிடிக்கவும் தெரிந்த டைட் எண்ட் ஒருவரைக் கூடுதலாக நிறுத்தித் தன் ஆஃபன்ஸையே, அதாவது தாக்கி ஆடும் முறையையே, மாற்றி அமைத்தார். எதிரணியை அப்படி மாற வைத்தவர்தான் என் கணக்கில் முதல் ஆள். 1986-இல் 20.5 சாக், அந்த ஆண்டின் எம்விபியும் அவரே. ஆனால் நீங்கள் அவருக்குக் கொடுத்திருப்பது 132.5 மட்டும். 1981-இல் வந்த முதல் சீசனிலேயே டிஃபன்ஸில் சிறந்த புதுமுகம், டிஃபன்ஸில் சிறந்த வீரர் என்று ஏபி செய்தி நிறுவனம் தரும் இரண்டு விருதுகளையும் வாங்கினாரே, அந்த ஆண்டு அவர் எடுத்த 9.5 கணக்கில் வராது, ஏனென்றால் நீங்கள் எண்ணத் தொடங்கியது அடுத்த ஆண்டு!

1960 முதல் 1981 வரைக்கும் ஒரு தனிப் பத்தி போடுங்கள். "அதிகாரபூர்வம்" என்ற முத்திரைகூட உடனே வேண்டாம், ஆராய்ச்சியாளர்களோடு உட்கார்ந்து சரிபார்த்து முடித்த பிறகு குத்துங்கள். இதற்கும் தயக்கம் என்றால் டெய்லரின் அந்த ஒரு சீசனிலிருந்து தொடங்குங்கள். பதினாறே ஆட்டம்தான்.

இப்படிக்கு,
டெய்லர் கட்சியைச் சேர்ந்த, ஜோன்ஸுக்காகவும் சண்டை போடும் ஒரு ரசிகன்