உன் மகன் சேர்ந்திருக்கும் வேலை

பந்திங், சிலாங்கூர்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாயிற்று. இங்கே எல்லோரும் சுகம். நாம் ஓடி விளையாடிய தோட்டத்து லய வீடுகளில் மிச்சமிருந்த வரிசையையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்கு அவசியம் வா.

உன் மகன் சிப்பாங் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் சேர்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "சாமான் தூக்குற வேலைக்கு எதுக்குப்பா இத்தனை வகுப்பு, பரீட்சை?" என்று கேட்டிருந்தாய். 1998ல் அந்த விமான நிலையம் திறந்த காலத்திலிருந்து அங்கே இருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தூக்குவது சீக்கிரம் பழகிவிடும். வாய் திறந்து சொல்லப் பழகத்தான் நாளாகும்.

இஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. காதில் கவசம் வேறு. அதனால் எல்லாம் கைச்சைகைதான். சரக்கு ஏற்றும் வண்டியை விமானக் கதவருகே கொண்டுபோகும்போது ஒரே ஒருவர் கை காட்டுவார், ஓட்டுபவன் அவரைப் பார்த்துக்கொண்டே நகர்த்துவான். மழையிலோ வண்டி மறைவிலோ அவர் கண்ணில் படவில்லை என்றால் அந்த இடத்திலேயே பிரேக். "இன்னும் கொஞ்சம்தானே" என்ற பேச்சே கிடையாது. கடைசி சில அடிகள் ஊர்ந்துதான் போக வேண்டும். கதவை ஒட்டியும் நிறுத்தக்கூடாது, சிறு இடைவெளி வேண்டும். சுமை ஏற ஏற விமானம் கீழே அமுங்கும். ஒட்டி நின்றால் வண்டியின் விளிம்பு கதவடியில் குத்திவிடும்.

அப்படியும் இடித்துவிட்டால்? என் கவலையெல்லாம் அங்கேதான். 2005 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் சியாட்டிலில், அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றைத் தரைப் பணியாளர் ஓட்டிய வண்டி உரசியது. அவர் உடனே சொல்லவில்லை. விமானம் கிளம்பி சுமார் 26,000 அடி உயரத்தில் பறந்தபோது அந்த இடம் பிய்ந்து, ஓரடி நீளத்துக்கு ஓட்டை விழுந்தது. விமானிகள் சியாட்டிலுக்கே திருப்பிப் பத்திரமாக இறக்கினார்கள். விமானத்தின் மேல்தகடு மெல்லியது சேகர். தரையில் வெறும் நசுங்கலாகத் தெரிவது மேலே உள்ளழுத்தத்தில் கிழிந்துவிடும். "இடிச்சுட்டேன்" என்று அப்போதே சொல்லியிருந்தால் பொறியாளர் வந்து பார்த்திருப்பார். விமானம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் வண்டி ஓட்டியவர்மேல் மட்டும் பழிபோட எனக்கு மனமில்லை. சொன்னால் முதலில் திட்டு, பிறகு வேலையே போய்விடும் என்ற இடத்தில் எவன் சொல்வான்? நம் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை சொல்லும் பெரட்டு நினைவிருக்கிறதா? விடிவதற்கு முன்னால் கங்காணி வேலை பார்த்த மண்டோர் பேசுவார், நம் அப்பாமார் தலையாட்டுவார்கள். திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளை இன்னும் விடவில்லை. அதனால்தான் ஷிஃப்ட் தொடங்கும்முன் குழுவைக் கூட்டும்போது புதுப் பையன்களை முதலில் பேசவிடுகிறேன். "அண்ணே, கொள்கலன் பூட்டு சரியா மாட்டல" என்று நேற்றுச் சேர்ந்தவன் சொன்னாலும் வேலை நிற்கத்தான் வேண்டும். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமிலிருந்து ராணுவ வண்டிகளோடு கிளம்பிய 747 சரக்கு விமானத்தில் அவற்றை இறுக்கிய கட்டு போதவில்லை. மேலெழும்பும்போதே சுமை பின்னால் நகர்ந்து விமானம் விழுந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

தாளில் எழுதுவதும் பேச்சுதான். 1996ல் மயாமியிலிருந்து கிளம்பிய வேல்யூஜெட் விமானத்தில் ஏற்றிய பெட்டிகளின் சீட்டில், ஆக்சிஜன் கருவிகள் 'காலி' என்று எழுதியிருந்தது. அவை காலியில்லை. வானத்திலேயே அவற்றால் தீப்பிடித்து 110 பேரும் போனார்கள். ஏற்றியவர்கள் தாளை நம்பித்தான் ஏற்றினார்கள். இதைப் பையன்களுக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். எந்தக் கொள்கலன் எந்த இடத்தில் என்ற தாளும் அப்படியே. இடம் மாற்றினால் எடைக் கணக்குப் பார்ப்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். இல்லையென்றால் விமானி கையில் இருப்பது தப்புக் கணக்கு.

உன் பையன் கூச்ச சுபாவம் என்று எழுதியிருந்தாய். வீட்டில் அவன் எதிர்த்துக் கேள்வி கேட்டால் கொஞ்ச நாளைக்கு அதட்டாதே. முட்டிக்கு நல்ல பட்டை ஒன்று வாங்கிக் கொடு. சின்ன விமானங்களின் அடியறையில் மண்டியிட்டுத்தான் பெட்டி அடுக்க வேண்டும். இடி மின்னல் வந்தால் வெளி வேலையை நிறுத்திவிடுவோம், மழை விட்டபின் எல்லா விமானமும் ஒன்றாக வந்து சேரும். அந்த நாட்களில் அவன் போன் எடுக்கவில்லை என்று பதறாதே. ஓய்வு நாளில் நம் வீட்டுக்கு வந்து பசியாறச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
குணா