தனுஷ்கோடிப் பூநாரைகளைத் துரத்திப் படம் பிடிப்பவர்கள் குறித்து

இராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் சாலையையொட்டி ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் உப்புநீரில், ஃபிளமிங்கோ எனப்படும் பூநாரைகள் நூறு வரை மேய்ந்துகொண்டிருந்தன. வேனில் வந்த குடும்பத்து இளைஞர் இருவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நீரில் இறங்கி, கைதட்டிக் கூச்சலிட்டு அவற்றை நோக்கி ஓடினார்கள். கரையில் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தவர், "இன்னும் கிட்டப் போடா, எல்லாம் ஒண்ணாப் பறக்கணும்" என்று ஏவிக்கொண்டிருந்தார். பறவைகள் எழுந்து சற்றுத் தள்ளிப்போய் இறங்கின. படம் சரியாக விழவில்லை என்று அங்கேயும் துரத்திப் போனார்கள்.

அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதே குடும்பத்து மூதாட்டி ஒருவர், பாவம், பசியோடு இருக்கும் என்று பிஸ்கட்டுகளை உடைத்து நீரில் வீசினார். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாவால் நீரை இழுத்து வெளியேற்றி, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களில் தங்கும் நுண்பாசிகளையும் சிற்றுயிர்களையும் உண்ணும் பறவைக்கு அந்த பிஸ்கட்டால் ஆவது ஒன்றுமில்லை. அந்த அம்மையாரின் இரக்கமும் பேரப்பிள்ளைகளின் ஆரவாரமும் ஒரே அறியாமையிலிருந்து வந்தவை என்றே எனக்குத் தோன்றியது.

இப்படித் துளித்துளியாக வடித்து உண்ணும் பறவைக்கு வயிறு நிறைய நெடுநேரம் வேண்டும். அது நினைத்தவுடன் எழும்பவும் முடியாது. நீர்ப்பரப்பின் மேல் பல எட்டுகள் ஓடிய பின்பே நெடுங்கால்கள் நீரைவிட்டு மேலெழும். கரையில் நிற்பவருக்கு அழகாகத் தெரியும் அந்த ஓட்டம், பறவைக்கு மேய்ச்சலை இழந்து உடல் வலுவையும் செலவிடும் ஓட்டமாகும். ஒரு வேன் போய் அடுத்த வேன் வர அதிக நேரம் ஆவதில்லை என்பதால், விடுமுறை நாளில் இது எத்தனை முறை நிகழும் என்பதைத் தாங்களே கணித்துக்கொள்ளலாம். சில ஓட்டுநர்கள் பயணிகளை மகிழ்விக்க ஹாரன் அடித்தே பறவைகளை எழுப்பிவிடுவதையும் கண்டிருக்கிறேன். முதுமலைச் சாலையில் யானையைக் கண்டு வண்டியைவிட்டு இறங்கும் அசடர்களும் உண்டு; ஆனால் அங்கே யானை உடனே பதில் சொல்லிவிடும். பூநாரை விலகிப் போவதோடு சரி, அதனால்தான் இங்கே எல்லாருக்கும் துணிச்சல் வருகிறது.

2025 ஜூன் மாதத்தில் தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்தில் வன உயிரினங்களைச் சீண்டுவதையும் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் கைதட்டுவதும் நீரில் இறங்குவதும் சீண்டல்தான் என்பது வேனில் வருபவருக்கு எப்படித் தெரியும்? எச்சரிக்கைப் பலகை வைத்தாலும் அதைப் படிக்க எவரும் வண்டியை நிறுத்துவதில்லை. பறவையைப் பார்க்கத்தான் நிறுத்துகிறார்கள்.

ஆகவே, பறவைகள் கூடும் அந்த இரண்டு மூன்று இடங்களில், மார்கழி முதல் பங்குனி வரையேனும், அருகிலுள்ள மீனவக் குடியிருப்புகளின் இளைஞர்களைச் சம்பளத்துக்குக் காவலர்களாக நிறுத்த வேண்டுகிறேன். அலை மிகுந்த ஆண்கடல், அமைதியான பெண்கடல் என இருபுறத்துக் கடலையும் அறிந்த அவர்கள் சொன்னால் வருபவர்கள் கேட்பார்கள். ஆளுக்கொரு தொலைநோக்கியைக் கொடுத்தால், தொலைவில் மேயும் பறவையின் அலகு வேலை செய்வதைக் கரையிலிருந்தே காட்டலாம். அதைக் கண்டவருக்கு நீரில் இறங்கத் தோன்றாது என்பது என் அனுபவம். வேன், ஆட்டோ ஓட்டுநர்களையும் பருவம் தொடங்குமுன் அழைத்து ஒருமுறை பேசுங்கள். ட்ரோன் பறக்கவிடுபவர்களிடம் மட்டும் தயவு காட்ட வேண்டாம்.

இதே காவலர்கள், இதே மாதங்களில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளின் மேல் டார்ச் அடித்துச் சூழ்ந்து நிற்பவர்களையும், கடலுக்குப் போகும் குஞ்சுகளை உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுப்பவர்களையும் தடுக்க உதவுவார்கள்.

வரும் மார்கழிக்குள் ஆட்களை அமர்த்த இயலாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோதண்டராமர் கோயில் சாலையில் சம்பளமின்றி நிற்க நானும் நண்பர்கள் நால்வரும் ஆயத்தமாக இருக்கிறோம். எங்களை எவரும் மதிக்கும்படி தங்கள் துறையின் அடையாள அட்டை ஒன்று வழங்கினால் போதும்.

இப்படிக்கு,
இராமேசுவரத்தில் வசிக்கும் ஒருவன்