ராத்திரி டியூட்டிக்கு எத்தனை பேர்?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கருப்பட்டியும் உளுந்தங்களி மாவும் நேற்று பார்சலில் போட்டாயிற்று. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கிண்டி, வாரத்துக்கு இரண்டு நாளாவது சாப்பிடு. உனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கீழே விழுந்த சீப்பை எடுக்க நீ குனியவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து எடுத்தாய்.

இங்கே நல்ல மழை. சின்னத்தை மகளுக்கு நிச்சயம் முடிந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ வேலை பார்க்கிற முதியோர் ஹோமைப் பற்றி சி.க்யூ.சி. (இங்கிலாந்தில் இப்படிப்பட்ட இல்லங்களைச் சோதிக்கிற அமைப்பு) போட்ட அறிக்கையைத் தம்பி போனில் படித்துச் சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். ஐந்து விஷயத்துக்கு மதிப்பு போடுகிறார்களே, அதில் அன்பாகக் கவனிப்பதற்கு ‘நன்று’. பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் ‘மேம்பட வேண்டும்’. அந்த ‘நன்று’ என் மகள் வாங்கியது என்று சித்தியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. கவனிக்க மனசு இருக்கிறது, ஆள் போதவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

நீ அனுப்பிய போட்டோவில் கார்பெட்டும் வாசல் பூந்தொட்டியும் அழகாக இருக்கின்றன. அதை வைத்து ஒரு ஹோமைச் சொல்ல முடியாது மக்ளே. மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் போகிறது? எழுந்திருக்க முடியாதவர்களை ஹாய்ஸ்ட் என்கிற அந்தத் தூக்கும் கருவியில் தூக்கும்போது எப்போதும் இரண்டு பேர் நிற்கிறீர்களா, இல்லை கூட இருப்பவள் வேறு ரூமில் மாட்டிக்கொண்டாள் என்று நீ ஒருத்தியே தூக்குகிறாயா? சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் எட்டிப் பார்க்கிறாரா? ஒரு டியூட்டிக்கும் அடுத்த டியூட்டிக்கும் நடுவே 11 மணி நேரம் ஓய்வு என்பது அங்கே சட்டம், அது கிடைக்கிறதா? ராத்திரிக்கு எத்தனை பேர்? கேட்டால் ‘எல்லாம் ஓகேம்மா’ என்று போனை வைத்துவிடுகிறாய். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்த பிள்ளை, அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லக் கூடாதா?

நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் ராத்திரிக்கு 22 கட்டில். நானும் ஒரு ஆயாவும்தான். பக்கவாதம் வந்து பேச்சு போன ஆச்சி ஒருத்தி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ரெஜிஸ்டரில் 12, 2, 4 என்று மூன்று கட்டத்திலும் பதினோரு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு நாள் இல்லை, நாலு ராத்திரி. ஐந்தாம் நாள் துணி மாற்றும்போது பார்த்தால், இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, ஓரம் ஈரமாக இருந்தது. டாக்டர் ரெஜிஸ்டரைப் புரட்டி, ‘சிஸ்டர் சரியாத்தான் எழுதியிருக்காங்க’ என்று ஆயாவைத் திட்டினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. வெள்ளை யூனிஃபார்மின் பெருமையை மட்டும் சொல்லி உன்னை இந்த வேலைக்கு அனுப்பியவள் நான்.

செய்யாததைச் செய்ததாக எழுத வைக்கிற இடமாக இருந்தால் நீ அங்கே இருக்க வேண்டாம். வேலை போனால் 60 நாளுக்குள் விசாவுக்குப் பொறுப்பேற்க வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும் என்ற பயம் எனக்கும் தெரியும். அதனால் விடுவதற்கு முன்பே தேட ஆரம்பி. 2025 ஜூலையில் இந்தப் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதைத்தான் நிறுத்தினார்களாம், அங்கே இருக்கிறவர்கள் இடம் மாற வழி இருக்கிறது என்று தம்பி சொல்கிறான். போகும் புது இடத்திலும் முதலில் ராத்திரிக்கு எத்தனை பேர் என்று கேள். வளையல் பாங்கில் பத்திரமாக இருக்கிறது. வட்டியை நான் கட்டிக்கொள்கிறேன். அதை மனசில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்காதே.

களியை மறக்காதே. ஹாய்ஸ்ட் விஷயத்தையும் மறக்காதே. பெரிதாக எழுத நேரம் இல்லையென்றால் ராத்திரி டியூட்டிக்கு எத்தனை பேர் என்று அந்த எண்ணை மட்டும் அனுப்பு.

அம்மா